காலி பண்ணச் சொல்ல மூணு தடவ திருச்சி போனேன்

முதல் தடவ போனப்போ கையில அரை கிலோ மைசூர்பாக் இருந்துச்சு. அத குடுத்துட்டு, எங்க வீட்டுல வாடகைக்கு இருந்த அக்கா போட்ட காபிய குடிச்சுட்டு, அவங்க பொண்ணு பாப்பாவோட கெமிஸ்ட்ரி மார்க் பத்தி கால் மணி நேரம் பேசிட்டு, "சரிக்கா, வரேன்"னு கெளம்பிட்டேன். சொல்ல வந்தத சொல்லவே இல்ல. ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல மேல் பர்த்துல படுத்துக்கிட்டு அம்மாவுக்கு போன் பண்ணா, எடுத்ததும் முதல் கேள்வியே "சொல்லிட்டியா?"தான். "இல்லம்மா, பாப்பா படிச்சுட்டு இருந்தா"ன்னேன். "அவ எப்பவும்தான் படிப்பா"ன்னு வெச்சுட்டாங்க.

கதைய கொஞ்சம் பின்னாடிலேருந்து சொல்றேன். ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் ரோட்டுலேருந்து பிரியற ஒரு சந்துல எங்க வீடு. அப்பா கட்டினது, 1987ல முடிஞ்சுது. ராஜகோபுரம் பதிமூணு நிலையும் எழும்பி 236 அடிக்கு கும்பாபிஷேகம் ஆனதும் அதே 1987தான். அதனால அப்பா யார் வீட்டுக்கு வந்தாலும் "அகோபில மடத்து ஜீயர் கோபுரத்த முடிச்சாரு, நான் இத முடிச்சேன்"னு ஒரே மூச்சுல சொல்லுவாரு, என்னமோ ரெண்டு பேரும் பார்ட்னர் மாதிரி. எங்களுது 850 சதுர அடி. ஹால், ரெண்டு ரூம், சமையல் ரூம், பின்னாடி துணி துவைக்கிற கல்லு, மொட்டை மாடி. அவ்ளோதான்.

2013ல என் பையன பாத்துக்க அப்பாவும் அம்மாவும் சென்னைக்கு எங்ககூட வந்துட்டாங்க. வீட்ட பூட்டி வைக்க வேணாம்னு ஆவணி பொறந்ததும் வாடகைக்கு விட்டாரு அப்பா. வந்தவங்க பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்புல வேலை பாக்கற சார், அவரு சம்சாரம் (நான் சொன்ன அக்கா), ரெண்டாங் கிளாஸ் படிச்சுட்டு இருந்த பொண்ணு பாப்பா. சார் வந்ததுமே நின்னுக்கிட்டே சொன்னாராம், "ஐயா, நாங்க கறி மீன் சாப்பிடுவோம், இந்த ஏரியாவுல ஏழு வீடு பாத்தாச்சு, இத கேட்டதும் எல்லாரும் வேணாம்னுட்டாங்க, அதான் முதல்லயே சொல்லிடறேன்"னு. அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வாசல் தெளிச்சு கோலம் போடுவீங்களா?" அக்கா "போடுவேங்க"ன்னாங்க. சாவி கைமாறிடுச்சு. அம்பதாயிரம் அட்வான்ஸ், ஆறாயிரத்து ஐநூறு வாடகை.

2018ல அப்பா போயிட்டாரு. அதுக்கப்புறம் வீட்டு விஷயம் எல்லாம் என் தலையில. தலையிலன்னு பேருக்குத்தான் சொல்றேன், ஒரு வேலையும் இல்ல. மாசம் ரெண்டாந் தேதி காலையில பத்து மணிக்குள்ள பணம் வந்து விழும், கொரோனா சமயத்துல கூட ஒரு நாள் தள்ளினதில்ல. தண்ணி வரல, மோட்டார் ஓடல, பக்கத்து வீட்டோட தகராறுன்னு ஒரு போன் கெடையாது. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க டெனன்ட் தொல்லைய பத்தி பொலம்பும்போது நான் "எங்க டெனன்ட் தங்கம்"னு பெருமை அடிச்சுப்பேன், அவங்க வயிறெரிஞ்சு பாப்பாங்க.

தங்கம்தான். அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல. ஆனா என்னோட பெருமையில ஒரு ஓட்டை இருந்துச்சு, அது எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

2023 மார்கழியில ஒரு நாள் சார்கிட்டேருந்து வாட்ஸப்ல ஒரு போட்டோ. "மேடம், பின் ரூம்ல மேல கொஞ்சம் பூச்சு விழுந்திருக்கு, நானே பாத்துக்கறேன், தகவலுக்காக." போட்டோவுல சீலிங்ல ஒரு தட்டு அளவுக்கு பெயர்ந்து போயி, உள்ள ரெண்டு கம்பி செக்கச்செவேல்னு தெரியுது. எனக்கு அதுல ஒண்ணும் புரியல, தெரிஞ்ச சிவில் இன்ஜினியர் ஒருத்தருக்கு அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்துல போன் வந்துச்சு. "இது பூச்சு இல்லங்க, கான்கிரீட்டே கழண்டு வந்திருக்கு. கீழ யாராவது படுக்கறாங்களா?" பாப்பா படுக்கற ரூம் அது.

அந்த வாரமே இன்ஜினியரோட போனேன், அதுதான் மைசூர்பாக் ட்ரிப். அவரு ஒரு சின்ன சுத்தியல வெச்சு ஏணி மேல நின்னுக்கிட்டு சீலிங் முழுக்க தட்டிக்கிட்டே வந்தாரு. நல்ல எடத்துல தட்டினா "ணங்"னு கேக்குது, கெட்டுப் போன எடத்துல "பொத்"துனு காலி டப்பா மாதிரி. பின் ரூம்ல முக்காவாசி பொத்து. சமையல் ரூம்ல சிங்க்குக்கு மேல பொத்து. அந்த சிங்க் வேற மூலையில, ஜன்னலுக்கு நேர் எதிர்ப்பக்கம், பகல் பன்னெண்டு மணிக்கும் டியூப் லைட் போட்டுத்தான் அக்கா பாத்திரம் தேய்ப்பாங்க. அவங்க தேய்ச்சுக்கிட்டு இருக்க, தலைக்கு மேல இவரு பொத்து பொத்துனு தட்டிக்கிட்டு இருக்காரு, நான் நடுவுல காபி டம்ளரோட நிக்கறேன்.

மாடிக்கு போயி காரணத்த காட்டினாரு. அந்தக் காலத்துல மாடி தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, அதுக்கு மேல தட்டோடு பதிப்பாங்க. எங்களுதும் அப்படித்தான். 36 வருஷ வெயில் மழையில தட்டோடு ஜாயின்ட் எல்லாம் விரிஞ்சு போயி, மழைத் தண்ணி உள்ள எறங்கி, அந்த ஜல்லி பஞ்சு மாதிரி ஈரத்த புடிச்சு வெச்சுக்குது. அது கொஞ்சம் கொஞ்சமா கான்கிரீட்டுக்குள்ள எறங்கி கம்பிய புடிக்குது. துரு ஏறின கம்பி ஊதும், நல்ல இரும்பு அடைச்சுக்கிற எடத்த விட துருவுக்கு பல மடங்கு எடம் வேணும். அந்த அழுத்தத்துலதான் அடியில இருக்கற கான்கிரீட் வெடிச்சு விழுதுன்னாரு. "மணல் நல்ல மணலுங்க, காவிரி மணல், கொத்து வேலையும் சுத்தம். தண்ணி எறங்காம பாத்திருந்தா இன்னும் முப்பது வருஷம் நின்னிருக்கும்"னு வேற சொன்னாரு. வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

என்ன வேலைன்னா, மாடி மேல இருக்கற பழைய பாரம் மொத்தமும் வெட்டி எடுக்கணும், கீழேருந்து முட்டு குடுத்து கெட்ட கான்கிரீட்ட கொத்தி எடுக்கணும், துரு தேய்ச்சு, இத்துப் போன எடத்துல புதுக் கம்பி கட்டி, திரும்ப கலவை ஏத்தணும். அதோட சுவத்துக்குள்ள ஓடற பழைய ஜி.ஐ. இரும்பு பைப்ப எடுத்துட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடணும், ஒயரிங்கும் மாத்தியே ஆகணும், இன்னமும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இருந்துச்சு. மூணு நாலு மாசம் ஆகும், ஆள் இருந்துக்கிட்டே செய்ய முடியாது. எஸ்டிமேட் பதினோரு லட்சம்.

அன்னைக்கு ராத்திரி ரயில்ல தூக்கம் வராம மொபைல்ல ஒரு கணக்கு போட்டேன். ஆறாயிரத்து ஐநூறுல ஆரம்பிச்சு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ஏத்தி, ஏழரை, எட்டரை, கடைசியா ஒம்பதாயிரம். 2013 செப்டம்பர்லேருந்து, 2024 ஜூன் வரைக்கும் வரப்போறதையும் சேத்து, மொத்த வாடகையையும் கூட்டினா பத்து லட்சத்து எட்டாயிரம். இத்தனை வருஷ வாடகை மொத்தமும் போட்டாலும் ரிப்பேருக்கு பத்தல. நல்லவங்களாச்சேன்னு வாடகைய ஏத்தல, வாடகை கம்மியா வருதேன்னு வீட்டுக்கு செலவு பண்ணல. ரெண்டுமே ஏதோ தர்மம் மாதிரி நெனச்சுட்டு இருந்திருக்கேன்.

தற்காலிகமா பின் ரூம்ல இரும்பு ஜாக்கி நாலு வெச்சு முட்டு குடுத்துட்டு, பாப்பா கட்டில ஹாலுக்கு மாத்திட்டாங்க. பிளஸ் டூ படிக்கற பொண்ணு, மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், டிவி இருக்கற ஹால்ல ஒரு மூலையில புத்தகத்த பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. நான் எப்படி சொல்றது? எக்ஸாம் முடியட்டும்னு மனசுல முடிவு பண்ணிக்கிட்டேன். ரெண்டாவது தடவ பொங்கலுக்கு போனேன், கரும்பும் சக்கரைப் பொங்கலும் சாப்டுட்டு வந்துட்டேன்.

நடுவுல எல்லாரும் ஆலோசனை சொன்னாங்க. "நாங்களே குடி வரப்போறோம்னு சொல்லு, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னு சித்தப்பா. "பையனுக்கு திருச்சியில சீட்டு கெடைச்சிருக்குன்னு சொல்லு"ன்னு பக்கத்து ஃப்ளாட் அம்மா. வாடகை வீட்டுல இருந்தவங்க எல்லாருக்கும் இந்த ரெண்டு பொய்யும் தெரியும், ஓனர் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம். எனக்கும் சபலம் தட்டுச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அக்கா ஒரு தடவ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல இதே மாதிரி மகன் வரான்னு சொல்லி காலி பண்ண வெச்சு, அடுத்த மாசமே ரெண்டாயிரம் கூட வெச்சு வேற ஆளுக்கு விட்டாங்களாம். "கேட்டிருந்தா நாங்களே குடுத்திருப்போமே"ன்னு அன்னைக்கு சொன்னாங்க.

வக்கீல் ஃப்ரண்ட் ஒருத்திகிட்ட கேட்டேன், சட்டப்படி என்னன்னு. முதல்ல அக்ரிமென்ட்ட காட்டுன்னா. 2013ல இருபது ரூபா பத்திரத்துல டைப் அடிச்ச பதினோரு மாச அக்ரிமென்ட், அதுக்கப்புறம் புதுப்பிக்கவே இல்ல. ஏன் எல்லாரும் பதினோரு மாசம் போடறாங்கன்னா ஒரு வருஷத்துக்கு மேல போனா கட்டாயம் ரிஜிஸ்டர் பண்ணணும், அத தவிர்க்கறதுக்குத்தான். அவ சிரிச்சா. தமிழ்நாட்டுல 2017ல புதுசா வாடகை சட்டம் போட்டு அது 2019 பிப்ரவரி 22லேருந்து நடைமுறைக்கும் வந்தாச்சு, எல்லா ஒப்பந்தமும் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும், வேற மாதிரி பேசிக்கலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, காலி பண்ணா ஒரு மாசத்துக்குள்ள பாக்கிய கழிச்சுட்டு திருப்பிக் குடுக்கணும். காலி பண்ணாம செய்ய முடியாத ரிப்பேர்னா அத காரணமா காட்டி கேக்கறதுக்கும் சட்டத்துல எடம் இருக்கு. "ஆனா நீ கோர்ட்டுக்கா போகப் போற? மைசூர்பாக்கோட போயிட்டு வாய தொறக்காம வர்ற ஆளு நீ"ன்னா. அந்த சட்டத்துலயே எந்த ரிப்பேர் ஓனர் பாக்கணும், எது குடியிருக்கறவங்க பாக்கணும்னு ஒரு பட்டியல் இருக்காம். தளம், சுவரு, பைப் மாத்தறது, ஒயரிங், வெள்ளையடிக்கறது எல்லாம் ஓனர். குழாய் வாஷர், ஸ்விட்சு, பூட்டு இதெல்லாம் குடியிருக்கறவங்க. அத அப்ப காதுல வாங்கிக்கிட்டேனே தவிர பெருசா எடுத்துக்கல.

மூணாவது தடவ பிப்ரவரி ரெண்டாவது வாரம். இந்த தடவ ஸ்வீட் எதுவும் வாங்கல. உள்ள போயி உக்காந்ததும், தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு ஆட்டோவுலயே மனப்பாடம் பண்ணிட்டு போனேன். "சார், ஒரு விஷயம்..."னு ஆரம்பிச்சதும் அவரு டிவிய ஆஃப் பண்ணாரு. அக்கா சமையல் ரூம்லேருந்து கைய தொடச்சுக்கிட்டே வந்து நின்னாங்க. நான் ரெண்டு வாக்கியம் சொன்னேன், மூணாவதுல தொண்டை அடைச்சுக்கிச்சு.

சார்தான் முடிச்சு வெச்சாரு. "நீங்க இன்ஜினியரோட வந்தப்பவே தெரியும்மா. சுத்தியல் சத்தம் எனக்கு தெரியாதா? இரும்போடதானே முப்பத்தஞ்சு வருஷமா இருக்கேன். காவிரி பாலத்துலயே ரிப்பேருக்கு மாசக்கணக்குல போக்குவரத்த நிறுத்திதானே வேலை பாத்தாங்க, பைபாஸ சுத்திக்கிட்டு டூட்டிக்கு போனேன். எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தோம்."

"அப்ப வேற வீடு பாக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நீங்க சொல்லாம நாங்களா பாத்தா நல்லாருக்காதும்மா. நாங்க போக நெனைக்கறோம்னு நீங்க எடுத்துக்கக் கூடாதில்ல."

அக்கா மெதுவா ஒண்ணு சொன்னாங்க, அதுதான் இன்னமும் உறுத்துது. "பாப்பாதான் ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு கேக்கறா, எப்பம்மா போகச் சொல்லுவாங்க, எக்ஸாம் நடுவுல சொல்லிடுவாங்களான்னு." அந்தப் பொண்ணு நிம்மதியா படிக்கணும்னுதான் நான் வாய மூடிட்டு இருந்தேன். நான் வாய மூடிட்டு இருந்ததாலதான் ரெண்டு மாசமா அது தூங்கல.

பாப்பாவே உள்ளேருந்து வந்துச்சு, கையில நோட்டோட. "எக்ஸாம் முடிஞ்சப்புறம்தானே ஆன்ட்டி?" "ஆமாடா, ஜூன் வரைக்கும் இருக்கலாம், ஆடி பொறக்கறதுக்குள்ள போதும்." "ஓ, அப்ப ஓகே"ன்னுட்டு அது பாட்டுக்கு திரும்பி போயி உக்காந்து படிக்க ஆரம்பிச்சுடுச்சு. நாலு மாசம் முன்னாடியே சொன்னதா நான் நெனச்சுக்கிட்டது உண்மையில ரெண்டு மாசம் லேட்.

அப்புறம் வர வேண்டிய கேள்வி வந்துச்சு. அக்காதான் கேட்டாங்க. "வேலை முடிஞ்சதும் நாங்களே திரும்ப வரலாமாம்மா?" "தாராளமா வாங்கக்கா, உங்களுக்கு அப்புறம்தான் வேற யாருக்கும்." "வாடகை அப்ப எவ்ளோ ஆகும்?" மனசுல பதினாலாயிரம்னு ஒரு கணக்கு இருந்துச்சு, லோன் போட்டுத்தான் வேலை பாக்கறேன், இ.எம்.ஐ. கட்டணும். "பதினாலு வரும்க்கா. உங்களுக்குன்னா பன்னெண்டு"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சாருக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட், பாப்பா காலேஜ் சேரணும். "நியாயமான வாடகைதான்மா, இப்ப வெளியில அப்படித்தான் போகுது"ன்னாரு சார். வர மாட்டாங்கன்னு அந்த "நியாயமான"லயே எனக்கு தெரிஞ்சுடுச்சு. அம்மா இன்னைக்கும் என்கிட்ட சண்டை போடறாங்க, ஒம்பதுக்கே குடுக்கறேன்னு சொல்லியிருக்கணும், அப்பா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பாருன்னு. அப்பா இருந்திருந்தா வருஷா வருஷம் மாடி ஏறி பாத்திருப்பாரு, அதையும் சேத்து சொல்லும்மான்னேன். பதில் வரல.

வீடு தேடற படலம் பெருங்கதை, சுருக்கமா சொல்றேன். ஸ்ரீரங்கத்துலயே இருக்கணும்னு அக்காவுக்கு ஆசை. டூ-லெட் போர்டுல பாதிக்கு பாதி "சைவம் மட்டும்". பதினோரு வருஷம் இந்த ஊர்ல இருந்தும் 2013ல கேட்ட அதே கேள்விய 2024லயும் கேட்டாங்களாம். நானும் சென்னையிலேருந்து புரோக்கர்களுக்கு போன் பண்ணி பாத்தேன், "பார்ட்டி நல்ல பார்ட்டிங்க, என் சொந்த டெனன்ட்"னு. "அவ்ளோ நல்ல பார்ட்டின்னா நீங்க ஏன் அனுப்பறீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. கேள்வி சரிதானே. கடைசியில பொன்மலைப்பட்டியில ஒரு மாடி போர்ஷன் அமைஞ்சுது, சாருக்கு வேலைக்கு பக்கம், ஸ்ரீரங்கம் தூரம். மே 6ம் தேதி ரிசல்ட் வந்துச்சு, பாப்பா 553. கெமிஸ்ட்ரியில 94. எனக்குத்தான் முதல் போன்னு சொன்னா, நம்பிக்கிட்டேன்.

வைகாசி முடிஞ்சு ஆனியில ஒரு நல்ல நாள் பாத்து காலி பண்ணாங்க. முதல் நாளே போயிட்டேன். புது வீட்டுல பால் காய்ச்சிட்டு வந்து, ரெண்டு குட்டியானை சாமான ஏத்தினாங்க. நான் போனது உதவி பண்ணன்னு பேரு, உண்மையில குறுக்க நெடுக்க நின்னுக்கிட்டு இருந்தேன். வீட்ட துடைச்சு, ஆணி எல்லாம் புடுங்கி, அந்த ஓட்டைய ஒயிட் சிமென்ட் வெச்சு அடைச்சிருந்தாங்க. அடுத்த வாரம் கொத்தி எடுக்கப் போற சுவரு. "எதுக்குக்கா"ன்னா, "வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி குடுக்கணும்ல"ன்னாங்க.

அட்வான்ஸ் அம்பதாயிரத்த கவர்ல போட்டு குடுத்தேன். சார் எண்ணாம சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, ஒரு 192 பக்க நோட்ட எடுத்து என்கிட்ட நீட்டினாரு. "இதுல எல்லாம் எழுதி வெச்சிருக்கேம்மா, எந்த கடையில எந்த சாமான் வாங்கினேன், மோட்டார் எத்தனை ஹெச்.பி., எப்ப காயில் கட்டினது, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்."

நோட்ட தொறந்தா பால் கணக்கு மாதிரி வரிசையா. தேதி, வேலை, ரூபா. குழாய் வாஷர் 10. ஸ்விட்சு ரெண்டு 90. மோட்டார் காயில் கட்ட 1,800. பாத்ரூம் பைப் லீக், பிளம்பர் கூலியோட 650. கிச்சன் ஓரம் பூச்சு, சிமென்ட் அரை மூட்டை 190, கொத்தனார் 700. சென்னையில ஒக்காந்துக்கிட்டு "ஒரு போன் கெடையாது"ன்னு நான் பெருமை பேசின ஒவ்வொரு மாசமும் அதுல இருந்துச்சு. ஒரு ரூபா கூட என்கிட்ட கேட்டதில்ல.

பக்கத்த திருப்பிக்கிட்டே வந்தா ஒரு வரி திரும்பத் திரும்ப வருது. 2019 அக்டோபர், மாடி தட்டோடு விரிசல், ஒயிட் சிமென்ட் ரெண்டு கிலோ. 2020 அக்டோபர், மாடி விரிசல், மூணு கிலோ. 2021, 2022, 2023. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னாடி மனுஷன் தனியா மாடி ஏறி ஒக்காந்து விரிசல அடைச்சிருக்காரு.

"சார், இத ஏன் சார் என்கிட்ட சொல்லவே இல்ல?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சொன்னா வேலை பாக்கணும்னு காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு இருந்துச்சும்மா. பாப்பா ஸ்கூல் முடியற வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன்."

நானும் அதேதான். மாடி எப்படி இருக்குன்னு கேட்டா ஏதாவது செலவு சொல்லிடுவாங்களோன்னு ஆறு வருஷமா கேக்கவே இல்ல. ரெண்டு பக்கமும் மரியாதையா வாய மூடிக்கிட்டு இருந்தோம், தண்ணி மட்டும் அது வேலைய பாத்துக்கிட்டு இருந்துச்சு.

வக்கீல் ஃப்ரண்ட் சொன்ன பட்டியல் அப்பதான் ஞாபகம் வந்துச்சு. வாஷர், ஸ்விட்ச விட்டுட்டு, பைப், பூச்சு, மாடி, மோட்டார் எல்லாத்தையும் அங்கயே தரையில ஒக்காந்து பென்சில்ல டிக் அடிச்சு கூட்டினேன். 18,340. ஏ.டி.எம். போயி எடுத்துட்டு வந்து நீட்டினா சார் கைய பின்னாடி கட்டிக்கிட்டாரு. "வேணாம்மா, நாங்க இருந்த வீட்டுக்கு நாங்க செஞ்சது." நான் என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு நிக்கறேன், பின்னாடிலேருந்து அக்கா, "ஏங்க, குடுக்கறாங்கல்ல, வாங்குங்க. பாப்பாவுக்கு ஃபீஸ் கட்ட வேணாமா?" வாங்கிக்கிட்டாரு. எனக்கு அக்காவ கட்டிப் புடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

ஆடிக்கு முன்னாடியே கடப்பாரை போட்டாச்சு. மாடியிலேருந்து எறக்கின ஜல்லியும் தட்டோடும் மட்டும் ஒம்பது டிராக்டர் லோடு. இத்தன பாரம் தலைக்கு மேல இருந்துச்சான்னு பாத்தாலே பகீர்ங்குது. வேலை ஓடிட்டு இருக்கறப்ப டிரைனேஜ் லைன் மாத்தறதுக்கு சேம்பர் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. பின்னாடி மூணு எடத்துல தோண்டியாச்சு, மண்ணுதான் வருது. அம்மாகிட்ட கேட்டா, "அப்பாவுக்குத்தான் தெரியும்"னாங்க. சாருக்கு போன் அடிச்சேன். "போன்ல சொன்னா குழம்பும்மா, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் வரோம், நேர்ல வந்து காட்டறேன்."

ஆகஸ்ட் 3. மேட்டூர் அணை 120 அடியும் நெறஞ்சு காவிரியில தண்ணி சுழிச்சுக்கிட்டு போகுது, அம்மா மண்டபம் ரோடே கால் வைக்க எடமில்லாத கூட்டம். கும்பிட்டு முடிச்சுட்டு மூணு பேரும் வந்தாங்க, அக்கா கழுத்துல புது மஞ்சக் கயிறு, கையில பெரிய தூக்கு. சார் நேரா பின்னாடி போயி, துணி துவைக்கிற கல்ல கால்ல தட்டி, "இதுக்கு அடியில"ன்னாரு. கல்ல நகத்தி ஒரு அடி தோண்டினா மூடி. மேஸ்திரி என்கிட்ட வந்து மெதுவா, "சார்தான் ஓனருங்களா?"ன்னு கேட்டாரு.

அக்கா தூக்க தொறந்து புளிசாதம், தேங்கா சாதம் எல்லாம் வேலையாளுங்களுக்கு வாழை எலையில வெச்சுக் குடுத்தாங்க. பாப்பா மொபைல்ல காலேஜ் ஐடி கார்டு போட்டோ காட்டுச்சு. அப்புறம் அக்கா மட்டும் சமையல் ரூமுக்குள்ள போனாங்க, சுவரெல்லாம் செங்கல் தெரிய உரிச்சுக் கெடக்கு, ஜன்னல் சட்டத்த கழட்டியிருந்ததால வெளிச்சம் அப்படியே உள்ள கொட்டுது. எதிர் மூலைய காட்டி, "சிங்க் மறுபடியும் அங்கயேவா வைக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. பிளான்ல அப்படித்தான் இருக்குன்னேன். "ஜன்னல் பக்கம்னா பகல்ல லைட்டு போட வேண்டாம்"னுட்டு தூக்க எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாங்க.

பைப் இன்னும் இழுக்கல. ஜன்னல் பக்கமே வெச்சுடுங்கன்னு பிளம்பர்கிட்ட சொன்னேன். எட்டு அடி பைப் கூட ஆகும், கூலியும் சேரும்னாரு. ஆகட்டும்னுட்டேன்.